பூ தெரிகிற வேகம்

2006 ஆடிப் பதினெட்டு அன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் என் பெரியத்தை ஆற்றில் ஒரு செவந்திப் பூவை விட்டார். காவிரியில் தண்ணீர் படி ஏறி ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்ளும் பெண்கள், காதோலை கருகமணி, வெல்லம் கலந்த அரிசி, ஈரத் துணியோடு படியில் உட்கார்ந்திருந்த குழந்தைகள் எல்லாவற்றையும் மினிடிவி கேமராவில் எட்டு நிமிடம் பிடித்திருந்தேன். அந்தப் பூ ஆறாவது நிமிடத்தில் வருகிறது. படியோரச் சுழிப்பில் ஒரு சுற்று சுற்றி, நுரைக்குள் போய், மறுபடி மேலே வந்து, படத்தின் வலது ஓரத்தில் போய் மறைகிறது. மொத்தம் நான்கு வினாடி. வினாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் நூறு ஃப்ரேம்.

அன்றிலிருந்து கையில் கிடைத்த ஒவ்வொரு சிஸ்டத்திலும் இந்த எட்டு நிமிடத்தை என்கோட் செய்து, அதாவது சுருக்கி, பார்த்திருக்கிறேன். என்னுடையது, ஸ்டுடியோவினுடையது, நண்பர்கள் புதிதாக அசெம்பிள் செய்தது என்று எதையும் விட்டதில்லை. அதற்கென்று ஒரு நோட்டு இருக்கிறது. தேதி, பிராசசர், எடுத்துக்கொண்ட நேரம், வந்த ஃபைலின் அளவு என்று பத்திகள். கடைசிப் பத்தியின் தலைப்பு ‘தண்ணீர்’. அதில் எண் எதுவும் எழுதுவதில்லை. பூ எதுவரை பூவாகத் தெரிந்தது என்று எழுதுவேன்.

அப்போது திருச்சியில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் மிக்ஸிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணி நேரக் கல்யாணம் என்றால் 2,70,000 ஃப்ரேம். வினாடிக்குப் பத்து ஃப்ரேம் போகிற சிஸ்டத்தில் ஏழரை மணி நேரம். அதனால் ரெண்டர் என்பது ராத்திரி வேலை. ஒன்பது மணிக்குப் போட்டுவிட்டு மானிட்டரை அணைத்து, ஷட்டரை இறக்கிவிட்டுப் போவோம். ஸ்டுடியோ அண்ணன் தினமும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

“தம்பி, இப்பப் போட்டா காலைல டிவிடி வந்துருமா?”

“என்ன கல்யாணம்ணே?”

“கல்யாணத்துல என்னப்பா இருக்கு? மூணு மணி நேரம்தான் எல்லாமே.”

“மாலை மாத்தறப்ப பூ உதிருதா, அட்சதை நிறைய விழுதா, வாணம் விட்டாங்களான்னு பாக்கணும்ணே. ரிசப்ஷன்ல சும்மா நின்னு போட்டோ எடுக்கறது சீக்கிரம் ஓடிரும்.”

முதலில் அவர் நம்பவில்லை. ஒருநாள் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினேன். மேடையில் வரிசையாக வந்து நின்று பரிசு கொடுக்கும் இடத்தில், வினாடிக்கு எத்தனை ஃப்ரேம் என்று காட்டும் எண் ஏறியது. அட்சதை விழுந்த இடத்தில் சரசரவென்று இறங்கியது. “அரிசிய எண்ணுதாப்பா இது?” என்று கேட்டார். அதற்குப் பிறகு அதைவிடச் சரியான ஒரு விளக்கத்தை நான் கேட்டதில்லை.

ஏறக்குறைய அதுதான் நடக்கிறது. என்கோடர் ஒவ்வொரு ஃப்ரேமையும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கிறது. பதினாறுக்குப் பதினாறு புள்ளி கொண்ட கட்டம் என்று வைத்துக்கொண்டால், டிவிடி அளவுள்ள 720க்கு 576 படத்தில் 1,620 கட்டங்கள். இந்தக் கட்டத்தில் இருப்பது போன ஃப்ரேமில் எங்கே இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் தேட வேண்டும். சுற்றிலும் பதினாறு புள்ளி தூரம் மட்டும் ஒன்றுவிடாமல் தேடினாலே 1,089 இடம். ஒரு ஃப்ரேமுக்கு 17 லட்சத்துக்கு மேல் ஒப்பீடு, ஒவ்வொரு ஒப்பீட்டிலும் 256 கழித்தல். பழைய இடம் கிடைத்துவிட்டால் ‘அங்கிருந்து எடுத்துக்கொள்’ என்று ஒரு குறிப்பு எழுதினால் போதும். மீதியிருக்கும் வித்தியாசத்தை மட்டும் சுருக்கி எழுதலாம். நின்று போட்டோ எடுப்பவர்களின் பின்னால் உள்ள திரை போன ஃப்ரேமில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. தேடல் தொடங்கிய இடத்திலேயே முடிந்துவிடும். அட்சதைக்கும் ஆற்று நீருக்கும் போன ஃப்ரேமில் இடம் கிடையாது. ஒவ்வொரு துளியும் அந்தக் கணத்தில் புதிதாக வந்தது. தேடித் தேடிக் கிடைக்காமல் கடைசியில் அப்படியே எழுத வேண்டியிருக்கிறது.

சாதாரணமாக என்கோடர்கள் 1,089 இடத்தையும் பார்ப்பதில்லை. சாய்சதுர வடிவத்தில் நான்கு பக்கம் பார்த்து, எது கிட்ட வருகிறதோ அந்தத் திசையில் நகரும். கொஞ்சம் பொறுமையானது அறுகோணமாகப் பார்க்கும். எங்கே தேடலை நிறுத்துவது என்பதில்தான் வேகம் இருக்கிறது. 2003 மே மாதம் எச்.264 என்ற வீடியோ சுருக்கும் முறை தரமாக ஏற்கப்பட்ட பிறகு எழுதப்பட்டு, இன்றுவரை பரவலாகப் பயன்படும் எக்ஸ்264 என்ற திறமூல என்கோடரில் இந்தப் பொறுமைக்குப் பத்து படிகள் வைத்தார்கள். அல்ட்ராஃபாஸ்ட்டில் தொடங்கி மீடியம், ஸ்லோ, வெரிஸ்லோ என்று போய் பிளாசிபோவில் முடிகிறது. அல்ட்ராஃபாஸ்ட் முந்திய ஒரே ஒரு ஃப்ரேமைத்தான் திரும்பிப் பார்க்கும். மீடியம் மூன்று பார்க்கும். ஸ்லோ ஐந்து. வெரிஸ்லோ பதினாறு வரை போகும். நுரைக்குள் போய் மேலே வந்த என் பூவை, நுரைக்கு முன்னால் இருந்த பூவோடு சேர்த்து அடையாளம் காண, பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும். ஒரே ஃப்ரேம் பார்ப்பதற்கு அது ஒவ்வொரு முறையும் புதிய பூ.

இந்தப் பிராசசர் வினாடிக்கு 300 ஃப்ரேம், அந்தப் பிராசசர் 200 என்று விமர்சகர்கள் பட்டை வரைந்து காட்டும்போது எனக்குள் ஒரு பதற்றம் எழுவது இதனால்தான். எந்தப் படம், எந்தப் படி, வெளியே வந்தது என்ன அளவு, எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லாத வரை அந்த 300 எதையும் சொல்லவில்லை. வேகமாகத் தேடியதா, குறைவாகத் தேடியதா? இரண்டுக்கும் எண் ஒன்றாகவே இருக்கும்.

தேடியும் கிடைக்காத வித்தியாசத்தைச் சுருக்கும் முறையைப் பற்றி இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1972இல் கொசைன் அலைகளால் படத்தைச் சுருக்கலாம் என்று சொல்லி தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது என்று மதிப்பீட்டாளர் ஒருவர் எழுதியதாகப் பிற்பாடு அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். தன் மாணவர் டி. நடராஜனோடும் நண்பர் கே. ஆர். ராவோடும் வேலையைத் தொடர்ந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றவர் ராவ். மூவர் பெயரிலும் 1974 ஜனவரியில் சில பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. ஜேபெக் படம், டிவிடி, இன்று கைபேசியில் ஓடும் வீடியோ எல்லாவற்றிலும் அந்தக் கணிதமோ அதன் வழி வந்ததோ இருக்கிறது. பெரியத்தையின் முகத்தில் விழுந்த வெயிலை ஒரு சில எண்களாக மாற்றி வைத்திருப்பது அதுதான். ரெண்டர் போட்டுவிட்டுக் காத்திருந்த ராத்திரிகளில் இந்த மூன்று பெயர்களும் எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

நோட்டின் முதல் வரி ஒரு பெண்டியம் 4. முதலில் படத்தை அளந்து, பிறகு சுருக்கும் இரண்டு சுற்றும் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம். தண்ணீர்ப் பத்தியில் ‘நுரை வரை’ என்று எழுதியிருக்கிறேன். அடுத்தது 2007இல் வந்த நான்கு கோர் கொண்ட கோர் 2 குவாட் க்யூ6600. நண்பர் ஒருவர் சென்னை ரிச்சி தெருவில் ஒவ்வொரு பாகமாக வாங்கி அசெம்பிள் செய்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். ஒரு கோருக்கு நான்கு கோர், அதுவும் ஒவ்வொன்றும் பழையதைவிட வேகமானது, பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடியும் என்று கணக்குப் போட்டு உட்கார்ந்திருந்தோம். அரை மணி நேரம் ஆனது. அவர் முகம் வாடியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

காரணம் கண்டுபிடிக்க ஒரு வாரம் பிடித்தது. மினிடிவி கேமரா படத்தை முழுசாக எடுப்பதில்லை. ஒன்றுவிட்டு ஒன்றாகப் பாதி வரிகளை ஒரு முறையும், வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து மீதி வரிகளை இன்னொரு முறையும் எடுக்கும். டிவியில் சரியாக இருக்கும். கம்ப்யூட்டரில் பார்த்தால் அசையும் எல்லாவற்றின் ஓரத்திலும் சீப்புப் பல் மாதிரி வரி வரியாக நிற்கும். அதைச் சரிசெய்ய நான் போட்டிருந்த ஃபில்டர் ஒரே ஒரு கோரில்தான் ஓடியது. மற்ற மூன்றும் அது தரும் ஃப்ரேமுக்காகக் கைகட்டி நின்றன. ஒரு வேலையில் பிரித்துக் கொடுக்க முடியாத பகுதி எவ்வளவோ, எத்தனை பேரைச் சேர்த்தாலும் அதற்குக் கீழே நேரம் குறையாது என்று ஜீன் ஆம்டால் 1967லேயே சொல்லியிருந்தார். கல்யாண வீட்டில் எத்தனை பேர் பந்தி பரிமாற நின்றாலும், சோறு வேக ஆகும் நேரம் ஆகத்தானே வேண்டும்? அதற்குப் பிறகு சீப்பு நீக்கும் வேலையை ஒரே முறை செய்து, இழப்பில்லாமல் சேமித்து, அந்தப் படத்தையே எல்லாச் சிஸ்டத்துக்கும் கொடுக்கத் தொடங்கினேன். என்கோடரையும் ஒரே பதிப்பாக வைத்துக்கொண்டேன். புதுப் பதிப்பு வந்தால் பழைய சிஸ்டமே வேகமாகிவிடும். கட்டங்களை ஒப்பிடும் அந்தக் கழித்தலுக்கென்றே 1999இல் பெண்டியம் 3 பிராசசரில் ஒரு கட்டளை சேர்த்தார்கள். எட்டு ஜோடிப் புள்ளிகளின் வித்தியாசங்களை ஒரே கட்டளையில் கூட்டிச் சொல்லும். அடுத்து வந்த பெண்டியம் 4இல் அது பதினாறானது. இத்தகைய கட்டளைகளைக் கையால், வரி வரியாக, அசெம்பிளி மொழியில் எழுதிச் சேர்த்தவர்கள் தந்த வேகத்தையும் பிராசசர் கணக்கில்தான் எழுதுகிறோம். கூலி வாங்காமல் அதைச் செய்தவர்கள் பலர்.

கோர் எண்ணிக்கை பற்றிய ஆசை எனக்கு அதோடு போகவில்லை. பல வருடம் கழித்து 32 கோர் உள்ள ஒரு சிஸ்டத்தில், எச்.264க்கு அடுத்து வந்த எச்.265 முறையில் போட்டுப் பார்க்க வாய்ப்பு கிடைத்தது. பாதிக்கு மேற்பட்ட கோர்கள் சும்மா இருந்தன. எச்.265இல் பெரிய கட்டம் அறுபத்து நான்குக்கு அறுபத்து நான்கு. என் 576 வரிப் படத்தில் அப்படி ஒன்பது வரிசைதான் வரும். மேல் வரிசை இரண்டு கட்டம் முன்னால் போன பிறகே கீழ் வரிசை தொடங்கலாம். அடுத்தடுத்த சில ஃப்ரேம்களையும் சேர்த்து ஓட்டினால்கூட 32 பேருக்கு அங்கே வேலை இல்லை. இன்றைய 4கே படத்துக்கு அந்தச் சிஸ்டம் அருமையானது. என் பழைய ஆற்றுக்கு அது தேவைக்கு மீறிய படகு.

2012இல் எங்கள் ஊர்ப்பக்கம் மின்சாரம் மணிக்கணக்கில் போய்க்கொண்டிருந்தது. நோட்டில் அந்த வருடத்து வரிகளில் வேகம் என்பதற்கு வேறு பொருள். மூன்று மணி நேரம் ஓட வேண்டிய என்கோட் இரண்டேமுக்கால் மணியில் நின்றால் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். யூபிஎஸ் இருபது நிமிடம் தாங்கும். படத்தைப் பத்துப் பத்து நிமிடமாக நறுக்கி, தனித்தனியாகச் சுருக்கி, கடைசியில் ஒட்டப் பழகினோம். முதல் சுற்றின் கணக்கு ஃபைல் தப்பித்திருந்தால் இரண்டாம் சுற்றை மட்டும் மறுபடி ஓட்டலாம் என்று தெரிந்த நாளில் ஸ்டுடியோ அண்ணன் எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தார்.

அதே சமயத்தில்தான் பிராசசருக்குள்ளும் கிராஃபிக்ஸ் கார்டுக்குள்ளும் இதற்கென்றே தனி வன்பொருள் வரத் தொடங்கியது. இன்டெலின் க்விக் சிங்க் 2011இல் வந்தது, என்விடியாவின் என்வென்க் 2012இல். முதல்முறை க்விக் சிங்கில் போட்டபோது எட்டு நிமிடம் அரை நிமிடத்துக்குள் முடிந்தது. ஏதோ தவறு என்று நினைத்து இரண்டாம் முறை ஓட்டினேன். முகங்கள் நன்றாகவே இருந்தன. படிகள் இருந்தன. தண்ணீர் மட்டும் சதுரம் சதுரமாக, தரையில் பதித்த ஓடு நகர்வது மாதிரி இருந்தது. பூ முதல் பத்து ஃப்ரேமில் மஞ்சள் சதுரமாகி, பிறகு அதுவும் இல்லை. வன்பொருளுக்குள் தேடும் முறையின் பெரும்பகுதியைச் சிலிக்கானிலேயே பொறித்துவிடுகிறார்கள். ஓர் அளவுக்கு மேல் பொறுமையாக இரு என்று அதனிடம் சொல்ல முடியாது. அந்தக் குறை பின்னால் நிறையச் சரியானது. 2018இல் வந்த என்விடியாவின் ட்யூரிங் கார்டுகளில் என்வென்க்கின் தரம் கண்ணுக்குத் தெரிகிற அளவு உயர்ந்தது. அன்றாட வேலைக்கு நானே இன்று அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் அந்த 2011 தலைமுறைக்காரர்கள் தங்கள் கல்யாண டேப்புகளை அவசரமாக அதில் மாற்றிவிட்டு, டேப்பைத் தூக்கிப் போட்டதை என்னால் மறக்க முடியவில்லை. அந்த அட்சதை இனி சதுரமாகத்தான் விழும்.

2017 மார்ச்சில் ஏஎம்டியின் ரைசன் வந்தபோது எட்டு கோர் என்பது சாதாரண வீட்டு மேசைக்கு இறங்கியது. அதில் 1800எக்ஸ் மாடல் 499 டாலர். இன்டெலின் எட்டு கோர் அப்போது ஆயிரம் டாலருக்கு மேல். அறிமுகத்துக்கு முன் நடந்த மேடை நிகழ்ச்சியிலேயே இரண்டையும் பக்கத்தில் வைத்து ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் ஒரு வீடியோவை மாற்றிக் காட்டினார்கள். பந்தயத்துக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த வேலைகளில் ஒன்று நாங்கள் ராத்திரி ராத்திரியாகச் செய்த அதே வேலை என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. அடுத்த தலைமுறை ரைசனில் என் எட்டு நிமிடம் ஸ்லோ படியில், இரண்டு சுற்றும் சேர்த்து, ஒன்றரை நிமிடத்தில் முடிந்தது.

அங்கே ஒரு புதுச் சிக்கல். இன்றைய டெஸ்க்டாப் பிராசசர்கள் கொஞ்ச நேரம் தங்கள் அளவுக்கு மீறி ஓடும். இன்டெலில் பலவற்றில் 28 வினாடி, 56 வினாடி என்று ஒரு காலக்கெடு வைத்து, அது முடிந்ததும் சொல்லப்பட்ட மின்சக்திக்கு இறங்கும். சில மதர்போர்டுகள் அந்தக் கெடுவையே எடுத்துவிட்டு, சூடு தாங்கும் வரை ஓடவிடும். முன்பு ஒன்றேகால் மணி நேரம் ஓடிய என் ஆறு, இப்போது பிராசசர் முழுதாகச் சூடேறி அடங்குவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஒரே படம், ஒரே அமைப்பு, ஆனால் அளப்பது வேறு எதையோ. அதனால் இப்போது இருபது முறை அடுத்தடுத்து ஓட்டி, கடைசி ஓட்டத்தின் நேரத்தை எழுதுகிறேன். அறை வெப்பத்தையும் எழுதுகிறேன். சித்திரை வெயிலில் மின்விசிறி மட்டும் சுற்றும் அறையில் முதல் ஓட்டத்துக்கும் கடைசி ஓட்டத்துக்கும் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. ஹீட் சிங்க்கில் ஒரு வருடத் தூசி சேர்ந்த சிஸ்டத்தில் இன்னும் அதிகம். ஏசி அறையில் எடுத்த எண்ணை வைத்துக்கொண்டு நம்மூர் மாடி அறைக்குச் சிஸ்டம் வாங்குபவர்களிடம் இதை நான் விடாமல் சொல்லி வருகிறேன்.

2018இல் ஏவி1 என்ற புதிய சுருக்கும் முறை வந்தது. எச்.264 அனுபவத்தோடு அதைத் தொட்டவன் திகைத்துத்தான் போனேன். அதன் ஆரம்பகால என்கோடர், ஒன்றரை நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய ஆற்றை ராத்திரி முழுவதும் சுருக்கிக்கொண்டிருந்தது. வினாடிக்கு அரை ஃப்ரேம். பன்னிரண்டு வருடம் கழித்து மறுபடி மானிட்டரை அணைத்துவிட்டுப் படுக்கப் போனேன். அறையில் ஃபேன் சத்தம். விழிப்பு வந்தபோதெல்லாம் அது ஓடுகிறதா என்று காது கேட்டுக்கொண்டிருந்தது. கூடுதலாகக் கிடைத்த வேகத்தையெல்லாம் கூடுதலாகத் தேடுவதற்கே கொடுத்துவிட்டார்கள் என்பது எனக்கு வருத்தம் தரவில்லை. ஒரு கட்டத்தை இன்னும் எத்தனை விதமாகப் பிரிக்கலாம், எத்தனை திசையில் ஊகிக்கலாம் என்று எண்ணிப் பார்த்தவர்கள் அந்த ராத்திரியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பிறகு வந்த எஸ்விடி-ஏவி1 என்கோடர் அதைச் சில நிமிடத்துக்குக் கொண்டுவந்தது.

காலையில் எழுந்து பார்த்தேன். எச்.264 ஃபைலில் பாதியளவுதான் இருந்தது. சதுரம் எங்கேயும் இல்லை. தண்ணீர் வழவழவென்று ஓடியது, எண்ணெய் மாதிரி. பூ நுரைக்குள் போய், வெளியே வந்து, வலது ஓரம் வரை தெரிந்தது. ஆனால் நீரின் மேல் அன்றைக்கு இருந்த சிலிர்ப்பு இல்லை. மினிடிவியின் மணல் மணலான இரைச்சலையும் காற்று கிளப்பிய சிற்றலையையும் என்கோடர் ஒன்றாக நினைத்துத் துடைத்திருந்தது. ஏவி1இல் அந்த மணலை எடுத்துவிட்டு, பார்க்கும் பக்கத்தில் அதே மாதிரி மணலைப் புதிதாகத் தூவிக் காட்டும் வசதியும் இருக்கிறது. போட்டுப் பார்த்தேன். மணல் வந்தது. சிற்றலை வரவில்லை.

பெரியத்தைக்கு இப்போது கண் அவ்வளவு சரியில்லை. ஊருக்குப் போனபோது எச்.264, ஏவி1 இரண்டு ஃபைலையும் டிவியில் போட்டுக் காட்டினேன். பூ வந்த இடத்தில் இரண்டு முறையும் எதுவும் சொல்லவில்லை. அவர் பார்த்தது அந்த வருடம் படியில் பக்கத்தில் நின்ற தன் தங்கையை. “இவ சிரிக்கறது நல்லாத் தெரியுதுடா. திரும்பப் போடு” என்றார். இரண்டாவதைத் திரும்பப் போட்டேன்.

மூல டேப்பிலிருந்து எடுத்த ஃபைல் ஒன்றே முக்கால் ஜிபி. 2006இல் எங்கள் 80 ஜிபி ஹார்ட் டிஸ்க்கில் அதற்கு இடமில்லை. அதனால்தான் முதன்முதலில் சுருக்கவே செய்தேன். இன்று அதை அப்படியே, சுருக்காமல், மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன். போன மாதம் நண்பரின் மகன் புதுச் சிஸ்டம் வாங்கியிருந்தான். “மாமா, உங்க ஆத்த ஓட்டிப் பாப்பமா?” என்று கேட்டான். அறை வெப்பம் 34 டிகிரி என்று எழுதிக்கொண்டு, ஸ்லோவில் வைத்து, இருபது முறை ஓடவிட்டோம்.